கோழிமுட்டை சொன்ன இதயக் கதை: சமிக்ஞைப் புரதங்களும் இதயத்தசையும்

நாமக்கல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது முட்டை. சேலம், நாமக்கல் சமவெளியின் கோழிப்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் லாரி லாரியாக முட்டைகள் புறப்படுகின்றன. பள்ளிச் சத்துணவுத் தட்டில் பிள்ளைகள் உரித்துத் தின்னும் முட்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்திலிருந்து போனவையே. அதே கோழிமுட்டைதான் மனித இதயம் எவ்வாறு உருவாகிறது என்ற கேள்விக்கும் விடை தேட உதவியது. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாக அறிஞர்கள் முட்டையோட்டைத் திறந்து, உள்ளே துடிக்கும் ஒரு சிறு புள்ளியைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஒரு குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், எவ்வாறு இதயத்தசையாக மாறுகிறது? அதற்கு அந்தச் செய்தியைச் சொல்பவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்த வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது. மாரடைப்பு வந்து பிழைத்தவர் ஒருவராவது இல்லாத ஊர் இன்று அரிது. மாரடைப்பில் இறந்துபோகும் இதயத்தசை மறுபடி வளர்வதில்லை. அந்த இடத்தில் துடிக்காத வடு மட்டுமே மிஞ்சுகிறது. இழந்த தசையை மீண்டும் உண்டாக்க முடியுமா என்பது இந்த வரலாற்றின் முடிவில்தான் தெரியவேண்டும்.

எந்த முட்டையில் கரு இருக்கும்?

பண்ணைக் கூண்டுகளில் வளரும் முட்டைக்கோழிகளுடன் சேவல் இருப்பதில்லை. ஆகவே கடையில் வாங்கும் முட்டையில் கரு இல்லை. எத்தனை நாள் அடைவைத்தாலும் அதிலிருந்து குஞ்சு வராது. சேவலோடு சேர்ந்து மேயும் நாட்டுக்கோழியின் முட்டையும், குஞ்சு பொரிப்பகங்களுக்காக வளர்க்கப்படும் தாய்க்கோழிகளின் முட்டையுமே கரு கூடியவை. இதைக் கிராமத்துப் பெண்கள் அறிவியல் பாடம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். அடைவைத்த சில நாளில் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கரு கூடியது எது, கூமுட்டை எது என்று பிரித்துவிடுவார்கள்.

கரு கூடிய முட்டை குளிர்ந்த அறையில் இருக்கும்வரை அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றே இருக்கும். ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் கிடைத்ததும் மறுபடி தொடங்கும். 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும். இதயம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. ஒன்றரை நாள் முடியும்போதே ஒரு சிறு குழாய் மெல்லத் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் அது செந்நிறப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரிகிறது. மூளையும் கண்ணும் அப்போதுதான் வடிவம் பெற்றுக்கொண்டிருக்கின்றன. இறகும் அலகும் வர இன்னும் பல நாள் ஆகும். உடலில் முதலில் வேலை செய்யத் தொடங்கும் உறுப்பு இதயம்.

இதை வகுப்பில் சொன்னால் கெட்டிக்கார மாணவர் ஒருவர் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்: "கருவில் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதானே? பிறகு ஒரு செல் இதயமாகவும் இன்னொன்று தோலாகவும் ஏன் மாறுகிறது?" அறிவியல் உலகம் நெடுங்காலம் விடை தேடிய கேள்வியும் இதுவே.

துடிக்கும் புள்ளி

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடைவைத்த முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின், வெண்கருவில் இரத்தத்துளி போன்ற ஒரு புள்ளி உயிருள்ளதுபோல் துடிப்பதைக் கண்டு, அதுவே இதயம் என்றார். பிற்கால ஐரோப்பிய நூல்கள் இதைத் 'துள்ளும் புள்ளி' என்ற பொருளில் வழங்கின.

1628இல் இரத்த ஓட்டத்தை நிறுவி நூல் வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியும் கோழிக்கருவை ஆராய்ந்தவரே. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் 1651இல் வந்தது. இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி 1672இல் கோழிக்கருவை நுண்ணோக்கியால் பார்த்து வரைந்த படங்களை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். இதயமும் இரத்தக்குழாய்களும் படிப்படியாக உருவெடுப்பதை அப்படங்கள் காட்டின. 1817இல் கிறிஸ்டியான் பாண்டர், கோழிக்கரு முதலில் மூன்று படைகளாக அமைவதைக் கண்டார். இன்று பாடநூலில் நாம் படிக்கும் புறப்படை, நடுப்படை, அகப்படை என்பவை இவையே. தோலும் நரம்பும் புறப்படையிலிருந்தும், குடலின் உட்புறம் அகப்படையிலிருந்தும், தசையும் இரத்தமும் இதயமும் நடுப்படையிலிருந்தும் வருகின்றன.

இவர்கள் அனைவரும் இதயம் எப்போது, எங்கே தோன்றுகிறது என்பதைக் கண்டார்கள். அது ஏன் அங்கே தோன்றுகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அண்டைச் செல்லின் பேச்சு

ஏன் என்ற கேள்விக்கு வழிகாட்டியது 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமானும் அவர் மாணவி ஹில்டே மான்கோல்டும் வெளியிட்ட ஆய்வு. நீரிலும் நிலத்திலும் வாழும், பல்லிபோன்ற வடிவுடைய நியூட் என்னும் உயிரினத்தின் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, வேறொரு நியூட் கருவில் ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் இரண்டாவது உடல் ஒன்று வளரத் தொடங்கியது. அதன் பெரும்பகுதி, ஒட்டப்பட்ட துண்டிலிருந்து வளரவில்லை. அத்துண்டைச் சூழ்ந்திருந்த செல்களே தம் வழக்கமான வேலையை விட்டுவிட்டுப் புதிய உடலைக் கட்டின. ஒரு செல்லின் எதிர்காலத்தை அதன் அண்டைச் செல்கள் மாற்றலாம் என்பது இதனால் உறுதியாயிற்று. ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. மான்கோல்ட் 1924ஆம் ஆண்டிலேயே தீ விபத்தில் இறந்துவிட்டார்.

செல்கள் பேசிக்கொள்ளும் விதம் இதுதான். ஒரு செல் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. அது அருகில் பரவி இன்னொரு செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதத்தில் பொருந்துகிறது. ஏற்பி அச்செய்தியை உள்ளே கடத்த, செல்லின் உட்கருவில் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, சில அடங்குகின்றன. வெளியே விடப்படும் அந்தப் புரதமே சமிக்ஞைப் புரதம். ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்தச் செய்தி கேட்காது. செய்தியைத் தடுக்கும் புரதங்களும் உண்டு. அவை சமிக்ஞைப் புரதத்தையோ அதன் ஏற்பியையோ பற்றிக்கொண்டு, செய்தி போய்ச் சேராமல் மறிக்கின்றன.

1943இல் அமெரிக்காவின் மேரி ராலஸ், இளங்கோழிக்கருவைச் சிறு துண்டுகளாக்கித் தனித்தனியே வளர்த்து, எந்தத் துண்டு இதயத்தசை தருகிறது என்று வரைபடம் போட்டார். கருவின் முன்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு பகுதிகளுக்கு அந்த ஆற்றல் இருந்தது. இந்த இரண்டும் பின்னர் நடுவே வந்து சேர்ந்து ஒரே குழாயாகின்றன. அந்த இடத்துச் செல்களிடம் பேசும் அண்டைவீட்டார் யார் என்பதே அடுத்த கேள்வி.

எலும்பில் ஒரு புரதம், ஈயில் ஒரு மரபணு

விடையின் இரண்டு துண்டுகள் எதிர்பாராத இடங்களில் கிடைத்தன. 1965இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணச்சத்து நீக்கிய எலும்புத்தூளை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது அங்கே புது எலும்பு வளர்ந்தது. எலும்பை உருவாக்கும் புரதம் என்ற பொருளில் அதற்குப் பின்னர் பி.எம்.பி. என்று பெயர் வந்தது. அது ஒரு புரதக் குடும்பம் என்பதும், எலும்புக்கு மட்டும் உரியது அன்று என்பதும் பிறகு தெரியவந்தது.

மற்றொன்று பழ ஈயில் கிடைத்தது. ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால் ஈயின் கருவில் இதயமே உருவாவதில்லை என்று ரோல்ஃப் போட்மர் 1993இல் காட்டினார். 'ஓஸ் நாட்டு மந்திரவாதி' என்னும் அமெரிக்கக் குழந்தைக்கதையில் இதயம் இல்லாத தகரமனிதன் ஒருவன் வருவான். அவன் நினைவாக அந்த மரபணுவுக்கு டின்மேன் என்று பெயர். அதே ஆண்டில் அதன் உறவு மரபணு எலியிலும் கண்டறியப்பட்டது. 1998இல், இதயத்தின் மேலறைச் சுவரில் பிறவியிலேயே துளை இருந்த சில குடும்பங்களில், மனிதரிடம் உள்ள அதே வகை மரபணு பழுதாகியிருந்தது தெரிந்தது. ஈக்கும் நமக்கும் இடையே எவ்வளவோ தூரம் இருந்தாலும் இதயம் கட்டும் முறையில் பொதுவானவை உண்டு.

1995இல் மான்ஃப்ரெட் ஃபிராஷ் இரண்டு துண்டுகளையும் இணைத்தார். ஈயின் கருவில் டின்மேன் மரபணுவை நடுப்படைச் செல்களில் இயங்கவைப்பது, மேலே உள்ள புறப்படை அனுப்பும் ஒரு சமிக்ஞைப் புரதம் என்று அவர் கண்டார். அது பி.எம்.பி. குடும்பத்தைச் சேர்ந்தது!

மீண்டும் கோழிமுட்டை

முதுகெலும்புள்ள உயிர்களிலும் இப்படித்தானா? ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஆண்ட்ரூ லாசரின் ஆய்வகம் இதை அறியக் கோழிக்கருவை எடுத்துக்கொண்டது. டாமஸ் ஷுல்தைஸ் முதலானோர் அங்கே பணியாற்றினர். கோழிக்கரு முட்டைக்குள் தட்டையாகப் பரந்து கிடப்பதால் நுண்ணிய கருவிகளால் வெட்டி ஒட்ட வசதியானது. தாயின் கருப்பைக்குள் மறைந்து வளரும் எலிக்கருவில் இது எளிதன்று.

1995இல் அவர்கள், பின்பகுதி நடுப்படையை எடுத்து முன்பகுதி அகப்படையோடு சேர்த்து வளர்த்தார்கள். வழக்கமாக இரத்தச்செல் ஆகவேண்டிய அது இதயத்தசை ஆயிற்று. ஆகவே கோழியில் பேசும் அண்டைவீட்டார், முன்பகுதி அகப்படை.

1997இல், அந்தச் செய்தியில் ஒரு பகுதி பி.எம்.பி. என்று நிறுவினார்கள். பி.எம்.பி.யைத் தடுக்கும் நாகின் என்ற புரதத்தைச் சேர்த்தால் இதயத்தசை உருவாகவில்லை. முன்பகுதியில், வழக்கமாக இதயம் ஆகாத நடுப்பக்கச் செல்களுக்கு பி.எம்.பி. கொடுத்தால் அவை இதய மரபணுக்களை இயக்கின. ஆனால் கருவின் பின்பகுதியிலும் பி.எம்.பி. இருக்கிறது. அங்கே இதயம் உருவாவதில்லையே, ஏன்?

விடை 2001இல் வந்தது. பின்பகுதியில் விண்ட் என்னும் இன்னொரு புரதக் குடும்பத்தின் சமிக்ஞை ஓங்கியிருக்கிறது. அது இதயம் உருவாவதைத் தடுக்கிறது. முன்பகுதி அகப்படையோ கிரசன்ட் என்ற புரதத்தைச் சுரந்து விண்டை மறிக்கிறது. மார்தா மார்வினும் லாசர் குழுவினரும் பின்பகுதி நடுப்படைக்குக் கிரசன்ட் போன்ற தடுப்புப் புரதத்தைக் கொடுத்தபோது, இரத்தம் ஆகவேண்டிய செல்கள் துடிக்கும் இதயத்தசை ஆயின. இதய இடத்துச் செல்களுக்கு விண்டைக் கொடுத்தபோது அவை இரத்தச்செல்லின் பக்கம் திரும்பின. அதே ஆண்டில் தவளைக்கருவிலும் இதையொத்த முடிவை வேறொரு குழு வெளியிட்டது.

இதயம் உருவாக ஒரு கட்டளை மட்டும் போதாது. பி.எம்.பி. பேசவேண்டும், விண்ட் பேசாமல் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கூடிவரும்போதுதான் செல் இதயத்தின் வழியில் செல்கிறது.

தட்டில் துடித்த தசை

இதே காலத்தில் வேறொரு துறையும் வளர்ந்துகொண்டிருந்தது. உடலின் எந்தவகைச் செல்லாகவும் மாறக்கூடிய கருக் குருத்தணுக்களை எலியிலிருந்து பிரித்து வளர்ப்பது 1981இல் இயன்றது. மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், 1998இல். 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரண உடற்செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். 2007இல் மனிதத் தோல்செல்லிலும் இது இயன்றது. கருவை அழிக்கவேண்டிய அறச்சிக்கல் இதில் இல்லை. யமனாகாவுக்கு 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு கிடைத்தது.

குருத்தணுக்களை உருண்டையாகத் திரளவிட்டால் அங்கங்கே சில திட்டுகள் தாமாகத் துடிக்கும். ஆனால் கிடைக்கும் இதயத்தசை மிகக் குறைவு. ஆய்வாளர்கள் கருவிடமே பாடம் கேட்டார்கள். 2007இல் சியாட்டில் நகரில் சார்லஸ் மரியின் குழு, மனிதக் குருத்தணுக்களுக்கு முதலில் ஆக்டிவின் என்ற சமிக்ஞைப் புரதத்தையும் பிறகு பி.எம்.பி.யையும் வரிசையாகக் கொடுத்தது. 30 விழுக்காட்டுக்கு மேல் இதயத்தசைச் செல்கள் கிடைத்தன.

விண்ட் பற்றிய ஒரு புதிரும் அப்போது தெளிவாயிற்று. விண்ட் இதயத்துக்குப் பகை என்றால் அதை முதலிலிருந்தே தடுத்தால் நல்லதுதானே? அப்படிச் செய்தால் நடுப்படையே உருவாவதில்லை. 2006, 2007 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள், தொடக்கத்தில் விண்ட் வேண்டும், பின்னர் அது விலகவேண்டும் என்று காட்டின. நம் ஊர் உழவருக்கு இது புதிதன்று. நடவின்போது வயலில் தண்ணீர் நிற்கவேண்டும், அறுவடைக்கு முன் அதே தண்ணீரை வடியவிட வேண்டும். காலம் மாறினால் பயிர் கெடும். 2012இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஷான் பலெச்செக்கின் குழு, சிறு வேதிப்பொருள்களால் விண்ட் வழியை முதலில் தூண்டி, சில நாள் கழித்துத் தடுத்தது. தட்டில் 80 முதல் 98 விழுக்காடு வரை இதயத்தசைச் செல்கள் உருவாயின. கோழிக்கருவில் கண்ட விதி மனிதச் செல்லிலும் பலித்தது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் 2005இல் குருத்தணு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. உடற்செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பும் ஆய்வும் அங்கே நடைபெறுகிறது. நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கோழிக்கருவின் வளர்ச்சி அங்குள்ள மாணவர்களுக்கு அன்றாடப் பாடங்களில் ஒன்று.

நம் மக்களை நேராகத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி உள்ளிட்ட இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள், இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்று வெளியிட்டார்கள். தெற்காசிய மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் இருக்கிறது. உயிரோடு இருப்பவரின் இதயத்தை வெட்டி இதை ஆராய முடியாது. ஆனால் அவருடைய இரத்தத்திலோ தோலிலோ சிறிது எடுத்து, குருத்தணுவாகத் திருப்பி, மேலே சொன்ன சமிக்ஞை வரிசையில் இதயத்தசை ஆக்கினால், அவருடைய தசையையே தட்டில் துடிக்கவைத்துப் பார்க்கலாம். மருந்துகளை முதலில் அந்தத் தசையில் சோதிக்கலாம். இன்று இந்த அறிவின் உறுதியான பயன் இதுவே.

சிகிச்சையாக மாறிவிட்டதா?

இக்கேள்விக்கு நேர்மையான விடை: இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. 2001இல், எலும்பு மஜ்ஜைச் செல்லை எலியின் பழுதான இதயத்தில் செலுத்தினால் அது இதயத்தசை ஆகிறது என்று ஓர் ஆய்வு வெளியாகி உலகெங்கும் நம்பிக்கை ஊட்டியது. 2004இல் வேறு ஆய்வகங்கள் முயன்றபோது மஜ்ஜைச்செல்கள் இரத்தச்செல்களாகவே இருந்தன. சமிக்ஞை வரலாறு தெரிந்தவருக்கு இது வியப்பல்ல. உரிய வரிசையில் உரிய செய்தி கிடைக்காத செல், இதயத்தில் வைத்ததாலேயே இதயத்தசை ஆகிவிடாது.

2014இல் மரியின் குழு, குருத்தணுவிலிருந்து முறையாக உருவாக்கிய இதயத்தசைச் செல்களைக் குரங்குகளின் பழுதான இதயத்தில் செலுத்தியது. அவை ஒட்டி வளர்ந்தன, ஆனால் இதயத்துடிப்பு சில காலம் ஒழுங்கு தவறியது. புதிய தசை பழைய தசையோடு தாளம் சேர்வதே இப்போதுள்ள பெரிய சிக்கல். மனிதரில் சோதனைகள் கவனமாக நடந்து வருகின்றன.

இதற்கிடையே, 'ஸ்டெம் செல் செலுத்தினால் இதயம் புதிதாகிவிடும்' என்று விளம்பரம் செய்து இலட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. காட்டை விற்று, நகையை அடகுவைத்து அப்பாவைக் காப்பாற்றத் துடிக்கும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டது இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்று மட்டுமே. மற்றவை அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனையாகவே நடக்கவேண்டும். ஆகவே யாராவது இதயத்துக்குக் குருத்தணு சிகிச்சை என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம். இது பதிவு பெற்ற ஆய்வுச் சோதனையா? ஆய்வு என்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? நீங்கள் செலுத்தும் செல் எது, அது இதயத்தசை ஆகும் என்பதற்கு என்ன சான்று?

அரிஸ்டாட்டில் பார்த்த புள்ளியிலிருந்து இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும் நிலைக்கு வர மனித இனத்துக்கு 2,300 ஆண்டுகள் ஆயின. இன்று பள்ளியில் படிக்கும் மாணவரும் அதைக் கேட்கலாம். வாய்ப்புள்ள மாணவர்கள், வீட்டில் அடைவைத்த நாட்டுக்கோழி முட்டை ஒன்றை மூன்று, நான்கு நாள் கழித்து இருட்டில் கைவிளக்கின் மேல் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலைபோல் சிவந்த குழாய்கள் தெரியும். அவற்றின் நடுவே இதயம் அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும். பார்த்தபின் முட்டை ஆறிப்போகாமல் உடனே கோழியின் அடியில் வைத்துவிடுங்கள்.